மூலம் ஒன்று, பக்கம் பல

1854-ஆம் ஆண்டு புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு அரசு ஊழியர் காலமானார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. பெயர் எதுவார் அரியேல். ஏரியல் என்றும் தமிழில் எழுதுவார்கள். 1818-இல் பிறந்தவர். அந்தக் காலத்தில் பிரெஞ்சுக் குடியேற்றங்கள் கடற்படை அமைச்சகத்தின் கீழ் இருந்தன. அந்த நிர்வாகத்தில்தான் அவருக்கு உத்தியோகம். கணக்கு, கோப்பு, கையெழுத்து என்று நாம் எல்லோரும் செய்த அதே வேலைதான். ஆனால் அலுவலக நேரம் போக மிச்ச நேரத்தில் அவர் தமிழ் படித்தார், ஓலைச் சுவடிகளைச் சேர்த்தார். திருக்குறளின் சில பகுதிகளைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். குறளைப் பற்றி அவர் அறிஞர் பூர்னூஃபுக்கு எழுதிய கடிதம் 1848-இல் பாரீஸ் ஆசியக் கழகத்தின் இதழில் வெளிவந்தது.

அவர் இறந்த பிறகு சுவடிகள் பெட்டி பெட்டியாகக் கப்பலேறிப் பாரீஸ் போய்ச் சேர்ந்தன. முதலில் ஆசியக் கழகம், பிறகு 1860-களில் அரசு நூலகம். இன்று அது பிரான்ஸ் தேசிய நூலகம். அங்கே தமிழ்ச் சுவடிகள் பல நூறு இருக்கின்றன. அவற்றில் பெரும்பங்கு அரியேல் சேர்த்தவை. காரைக்காலில் வளர்ந்து பாரீசில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த ஜூலியன் வின்சோன், இந்தச் சுவடிகளைப் பற்றி உ.வே. சாமிநாதையருக்குக் கடிதம் எழுதிய செய்தி ‘என் சரித்திரம்’ படித்தவர்களுக்கு நினைவிருக்கும்.

1912-இல் அந்த்துவான் கபத்தோன் என்பவர் அந்த நூலகத்தின் இந்தியச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டார். தலைப்பிலேயே ‘சுருக்கப் பட்டியல்’ என்று போட்டிருக்கிறார். நான் பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். உத்தியோகமோ முழுக்க முழுக்கத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அமைந்துவிட்டது. படித்த பிரெஞ்சு ஓய்வுக்குப் பிறகுதான் இந்த மாதிரிக் காரியங்களுக்கு உதவுகிறது. கபத்தோனின் பட்டியலைப் புரட்டினால் ஒரு சுவடிக்குச் சில வரிகள்தான்: நூலின் பெயர், எத்தனை ஏடு, என்ன அளவு. அச்சிட்ட பட்டியலில் அதற்கு மேல் இடம் இல்லை.

ஆனால் ஓலை எழுதியவர் நூலை மட்டும் எழுதிவிட்டுப் போகவில்லை. முதல் ஏட்டில் ‘குருவே துணை’ என்பது போல ஒரு வரி இருக்கும். பிறகு காப்புப் பாட்டு. நூல் முடிந்ததும் கடைசி ஏட்டில் அவருடைய சொந்தக் குறிப்பு: இன்ன வருஷம், இன்ன மாதம், தேதி, கிழமை, நட்சத்திரம், இன்னார் ஏட்டைப் பார்த்து இன்னார் மகன் இன்னார் எழுதி முடித்தது என்று இருக்கும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளும்படி ஒரு வேண்டுகோளும் சில சமயம் இருக்கும். சுவடியின் சொந்தக்காரர் பெயரும் இருக்கும். அவர் அதை யாரிடமிருந்து பெற்றார் என்பதும் இருக்கலாம்.

நூல்கள் அச்சேறியபோது இவற்றில் பெரும்பாலானவை விடுபட்டுப் போயின. பதிப்பாசிரியர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் தேடியது நூலை. செல்லரித்த ஏடுகளிலிருந்து அதைக் காப்பாற்றுவதே பெரும் பாடு. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகர ஏகாரத்துக்கு வேறுபாடு கிடையாது. பாட்டு எங்கே முடிகிறது என்று தெரியாமல் வரி ஓடிக்கொண்டே இருக்கும். உ.வே.சா. போன்றவர்கள் ஏடு கொடுத்தவர்கள் பெயரை முகவுரையில் மறக்காமல் போட்டார்கள். அப்படியிருந்தும் ஏட்டை எழுதிய கைகளின் பெயர்கள் அச்சுக்கு வரவில்லை. காகிதத்தில் ஒன்றைக் காட்டாமல் விடுவது அதை எறிந்துவிடுவதற்குச் சமம்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது. 2019-இல் பிரெஞ்சு, ஜெர்மன் ஆராய்ச்சி நிறுவனங்களின் நிதியுதவியோடு பாரீசிலும் ஹாம்பர்க்கிலும் ஒரு திட்டம் ஆரம்பமாயிற்று. பிரான்ஸ் தரப்பில் இம்மானுவேல் ஃபிரான்சிஸ், ஜெர்மனியில் ஏவா வில்டன். இருவருமே தமிழ் ஆராய்ச்சியில் அறியப்பட்டவர்கள். திட்டத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘நூல்களைச் சூழ்ந்த நூல்கள்’. பாரீஸ் தேசிய நூலகத்திலும் ஹாம்பர்க் நூலகத்திலும் உள்ள தென்னிந்தியச் சுவடிகளில், நூலைச் சுற்றியிருக்கும் காப்பு, பாயிரம், தனிப்பாடல், எழுதியவர் குறிப்பு ஆகியவற்றையே முதன்மையாக எடுத்துக்கொண்டு படித்துப் பதிவு செய்யும் வேலை. அச்சு விட்டுவிட்டதை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

எப்படிப் பதிவு செய்தார்கள் என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. ஒரு சுவடியின் விவரப் பக்கத்தை இணையத்தில் திறந்தால் தலைப்பு, பத்திகள், அட்டவணை எல்லாம் ஒழுங்காக வருகின்றன. ரோமன் எழுத்தில் இருப்பதை ஒரு பொத்தானை அழுத்தித் தமிழ் எழுத்தாக மாற்றலாம். ஆனால் முகவரியின் கடைசியைப் பார்த்தால் எச்.டி.எம்.எல். என்று இல்லை, எக்ஸ்.எம்.எல். என்று இருக்கிறது. என் பேத்தி அந்தப் பக்கத்தில் வலப்பக்கப் பொத்தானைத் தட்டி, “தாத்தா, இதுதான் இதோட மூலம்” என்று வேறொரு திரையைக் காட்டினாள். அலங்காரம் ஒன்றும் இல்லை. கோண அடைப்புக்குறிகளுக்குள் சொற்கள், நடுவில் செய்திகள். தமிழ் நூல்களின் அட்டையில் ‘மூலமும் உரையும்’ என்று போடுவார்களே, அந்த மூலம் என்ற சொல் இதற்கும் நன்றாகவே பொருந்துகிறது.

இதை நம் அலுவலக வழியில் விளக்கிவிடலாம். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தன்பதிவேடு தெரியும். வந்த ஒவ்வொரு தாளுக்கும் ந.க. எண், தேதி, யாரிடமிருந்து, பொருள், என்ன நடவடிக்கை, எப்போது முடிவு என்று கட்டம் கட்டமாக எழுதுவோம். அதே பதிவேட்டிலிருந்துதான் மாதக் கடைசியில் நிலுவைப் பட்டியல் எடுப்போம். மேலதிகாரி ஆய்வுக்கு வந்தால் வேறொரு விவரப் பட்டியல். நினைவூட்டு அனுப்ப வேண்டியவை தனிப் பட்டியல். எத்தனை பட்டியல் எடுத்தாலும் பதிவேட்டைத் திருத்துவதில்லை. பட்டியல் கிழிந்தால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். பதிவேடு தொலைந்தால் போச்சு.

எக்ஸ்.எம்.எல். என்பது தன்பதிவேடு மாதிரி. அதில் ஒவ்வொரு செய்தியும் ‘இது இன்னது’ என்ற சீட்டோடு இருக்கும். எப்படித் தோன்ற வேண்டும் என்பது அதில் இருக்காது. எச்.டி.எம்.எல். என்பது மேஜைக்குப் போகும் பட்டியல். இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணை என்று பக்கத்தின் அமைப்பைச் சொல்வது. இரண்டுக்கும் நடுவில், எந்தக் கட்டத்திலிருந்து எதை எடுத்து எங்கே எழுத வேண்டும் என்ற நடைமுறை விதிகள் ஒரு தனித்தாளில் இருக்கின்றன. அதுதான் எக்ஸ்.எஸ்.எல்.டி. நடைதாள்.

ஒரு மாதிரி பார்ப்போம். ஒரு சுவடியின் கடைசி ஏட்டுக் குறிப்பை இப்படிச் சீட்டிட்டு எழுதலாம்:

<முடிப்புரை><ஆண்டு பொது="1842">பிலவ</ஆண்டு> வருஷம் <மாதம்>தை</மாதம்> மாதம் <நாள்>12</நாள்> தேதி <எழுதியவர்>இன்னார்</எழுதியவர்> எழுதி முடித்தது</முடிப்புரை>

எக்ஸ்.எம்.எல்.லில் சீட்டின் பெயரைத் தமிழெழுத்திலேயே வைக்க விதி இடம் தருகிறது. ஆராய்ச்சியாளர்கள் உலகப் பொதுப் பெயர்களை வைத்துக்கொள்கிறார்கள் என்பது வேறு விஷயம். ஒவ்வொரு சீட்டும் திறந்த பிறகு சாய்கோடு போட்டு மூடப்பட வேண்டும். ஒன்றை மூட மறந்தாலும் கணிப்பொறி முழுத்தாளையும் ஏற்காது. கையெழுத்து விடுபட்ட பட்டியலைக் கருவூலம் திருப்பி அனுப்புவது மாதிரி.

‘பொது’ என்று உள்ளே இருப்பதைக் கவனியுங்கள். ஏட்டில் இருப்பது ‘பிலவ’ மட்டும். 60 வருஷத்துக்கு ஒரு பிலவ வரும். 1841-42 ஒன்று, 1901-02 ஒன்று, 1961-62 ஒன்று, கடைசியாக 2021-22. எந்தப் பிலவ என்று தீர்மானித்தவர் ஆராய்ச்சியாளர். தை மாதம் என்பதால் 1842 என்று எழுதினார். அவர் முடிவு சீட்டுக்குள் இருக்கிறது. ஏட்டின் சொல் தன் இடத்தில் மாறாமல் இருக்கிறது. நாளைக்கு வேறொருவர் இல்லை, இது 1782 என்று நிறுவினால் சீட்டை மட்டும் திருத்தினால் போதும். மூலத்தில் உரை கலப்பதில்லை.

இப்போது நடைதாள். அதில் விதிகள் இருக்கும். ஒவ்வொரு விதிக்கும் இரண்டு பாகம்: எதைக் கண்டால், என்ன செய்ய வேண்டும் என்று. ‘முடிப்புரை’யைக் கண்டால் ஒரு புதுப் பத்தி ஆரம்பி, உள்ளே இருப்பவற்றுக்கு அவற்றின் விதிகளைப் பார். ‘எழுதியவர்’ என்பதைக் கண்டால் தடித்த எழுத்தில் போடு. ‘ஆண்டு’ என்பதைக் கண்டால் ஏட்டின் சொல்லைப் போட்டு, பக்கத்தில் பிறைக்குறிக்குள் பொது ஆண்டைப் போடு. விதி எழுதாத சீட்டு வந்தால் அதற்குள் இருக்கும் சொற்களை அப்படியே வெளியே விடும், தன்னிச்சையாக விழுங்காது. வேண்டாம் என்றால் அதற்கு வெற்று விதி ஒன்று எழுத வேண்டும். அப்போதும் பக்கத்தில்தான் மறையும், மூலத்தில் இருக்கும்.

இந்த விதிகளின்படி வாசகருக்கு ஒரு பக்கம் வந்தாயிற்று. இனி இரண்டாவது நடைதாள் எழுதலாம். நூலை விட்டுவிடு, எல்லாச் சுவடிகளிலும் ‘எழுதியவர்’, ‘ஆண்டு’ இரண்டை மட்டும் எடு, பொது ஆண்டின்படி வரிசைப்படுத்தி அட்டவணையாக்கு. உடனே ஏடு எழுதியவர்களின் பெயர்ப் பட்டியல் ஆண்டு வாரியாகக் கிடைத்துவிடும். 1912-இன் அச்சுப் பட்டியலில் அரைப் பக்கம்கூடக் கிடைக்காத அந்த மனிதர்களுக்கு ஒரு முழுப் பதிவேடு. மூன்றாவது நடைதாள் பாட்டை மட்டும் காட்டி மற்றதை மறைக்கலாம், பாராயணம் செய்பவர்களுக்காக. மூன்றுக்கும் மூலம் ஒன்றே.

இதன் பயன் என்ன என்பதற்கு நம் மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. வள்ளலாரின் திருவருட்பா. தொழுவூர் வேலாயுத முதலியார் பாடல்களை ஆறு திருமுறைகளாக வகுத்து, முதல் நான்கை 1867-இல் வெளியிட்டார். பிறகு ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 1931 முதல் 1958 வரை உழைத்து 12 பகுதிகளாகப் பதிப்பித்தார். வடலூர் ஊரன் அடிகள் 1972-இல் பாடல்களைக் கால முறையில் அடுக்கிப் பதிப்பித்தார். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு நியாயம் உண்டு. ஆனால் அச்சில் வரிசையை மாற்ற வேண்டுமென்றால் முதல் பக்கத்திலிருந்து எழுத்துக் கோத்து, மெய்ப்புப் பார்த்து, ஒரு வாழ்நாளையே கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் திருமுறை, பதிகம், காலம், தலம் என்று சீட்டுப் போட்டு ஒரே மூலமாக வைத்திருந்தால், வரிசைப்படுத்தும் ஒரு விதியை மாற்றினால் போதும். எந்த வரிசை சரி என்ற வாதம் அப்போதும் நடக்கும். அதற்காகப் பாட்டுகளை மறுபடி எழுத வேண்டியிருக்காது.

இந்தச் சீட்டிடும் முறை எங்கிருந்து வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1969-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி என்ற மூவர் சட்ட அலுவலகங்களின் ஆவணங்களைக் கணிப்பொறியில் ஏற்றும் வேலையில் இருந்தபோது இந்த எண்ணம் உருவானது. கோல்ட்ஃபார்ப் சட்டம் படித்த வக்கீல். ஜி.எம்.எல். என்று மூவர் பெயரின் முதலெழுத்தே அதற்குப் பெயராயிற்று. அது வளர்ந்து 1986-இல் எஸ்.ஜி.எம்.எல். என்று உலகத் தரமாயிற்று. ஜெனீவாவில் அணு ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த டிம் பெர்னர்ஸ்-லீ அதன் சாயலில் இணையப் பக்கங்களுக்காக எச்.டி.எம்.எல்.லை வகுத்தார். எஸ்.ஜி.எம்.எல்.லைச் சுருக்கி எளிமையாக்கிய எக்ஸ்.எம்.எல். 1998 பிப்ரவரி 10 அன்று வந்தது. எக்ஸ்.எஸ்.எல்.டி.யின் முதல் பதிப்பு 1999 நவம்பர் 16. அதைத் தொகுத்தவர் ஜேம்ஸ் கிளார்க் என்ற ஆங்கிலேயர், தாய்லாந்தில் குடியேறியவர். இலக்கிய நூல்களுக்கு என்னென்ன சீட்டுகள் வேண்டும் என்பதை 1987-இல் அமெரிக்காவில் கூடிய அறிஞர்கள் தனியாக வகுக்கத் தொடங்கினார்கள். டி.இ.ஐ. என்று அதற்குப் பெயர். பாரீஸ் சுவடிகளுக்குப் போடப்பட்டவை அந்தச் சீட்டுகள்தான்.

எக்ஸ்.எம்.எல். வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, 1998 பொங்கல் நாளில், மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்தில் இருந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தினார். லோசானும் ஜெனீவாவும் ஒரே ஏரியின் கரையில் இருக்கும் ஊர்கள். உலகமெங்கும் தமிழர்கள் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்து நூல்களை ஏற்றினார்கள். அப்போது யூனிகோடு பரவவில்லை. டிஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டில் ஏற்றினார்கள். பிறகு யூனிகோடு வந்ததும் கோப்புகளை எல்லாம் மாற்ற வேண்டி வந்தது. எழுத்துருவும் குறியீடும் எவ்வளவு சீக்கிரம் மாறிப்போகும் என்பதற்கு நம் கண்ணெதிரே நடந்த பாடம் அது. அந்தத் தொண்டர்கள் சளைக்காமல் மாற்றினார்கள் என்பதால்தான் இன்றும் நாம் அந்த நூல்களைக் கைப்பேசியில் படிக்கிறோம்.

அதே பாடம் இப்போது மறுபடி வந்திருக்கிறது. எக்ஸ்.எஸ்.எல்.டி. விதிகளைப் படித்துப் பக்கமாக்கும் வேலையை இதுவரை உலாவிகளே செய்துவந்தன. 2025-இல் கூகுள், தன் குரோம் உலாவியிலிருந்து இந்த வசதியை எடுத்துவிடப் போவதாக அறிவித்தது. பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு, உள்ளே இருக்கும் நிரல் பழையது, பாதுகாப்புக்குப் பொருந்தவில்லை என்பவை காரணங்கள். ஆட்சேபணை தெரிவித்தவர்களும் நிறைய. உலாவியை நம்பியிருந்த பக்கங்கள் அந்த வசதி போனதும் சரியாகத் திறக்காது.

படித்தபோது எனக்கும் கவலையாக இருந்தது. பாரீசிலிருந்து முதுநகர் வரைக்கும் வந்த ஏடு மறுபடி எட்டாமல் போய்விடுமோ என்று. நிதானமாக யோசித்தால் அப்படி இல்லை. உலாவி செய்ததை வேறு நிரல் முன்கூட்டியே செய்து, முடிந்த பக்கத்தை இணையத்தில் வைக்கலாம். அதற்கு இலவச நிரல்கள் உண்டு. நாளைக்கு எக்ஸ்.எஸ்.எல்.டி.யே வழக்கொழிந்தாலும் வேறொரு மொழியில் விதிகளை எழுதிக்கொள்ளலாம். போவது பட்டியல் எடுக்கும் ஒரு வழி. பதிவேடு பத்திரமாக இருக்கிறது. அதுவும் சாதாரண எழுத்தாக, எந்தக் கணிப்பொறியிலும் திறந்து மனிதக் கண்ணாலேயே படித்துப் புரிந்துகொள்ளும்படி இருக்கிறது. சீட்டிட்டுப் பாதுகாத்ததற்கு இதைவிடப் பெரிய பலன் வேண்டியதில்லை.

சிதம்பரத்தில் தேவார ஏடுகள் பூட்டிய அறையில் கரையானுக்கு இரையாகி, எஞ்சியவற்றை ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டார்கள் என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. பூட்டி வைத்தது காப்பாற்றவில்லை. எடுத்துப் பிரதி செய்ததுதான் காப்பாற்றியது. ஓலைக்கு ஆயுள் சில நூறு வருஷம். அதற்குள் யாராவது எழுத்தாணி எடுத்து மறுபடி எழுத வேண்டும். அப்படித் தலைமுறை தலைமுறையாக எழுதியவர்கள் பெரும்பாலும் புலவர்கள் அல்ல. நம்மைப் போல எழுத்து வேலையே பிழைப்பானவர்கள். அதனால்தானோ என்னவோ, நூலாசிரியர் பெயரைவிட அந்தக் கடைசி ஏட்டுப் பெயர்கள் என்னை அதிகமாக இழுக்கின்றன.

வீட்டுப் பரணில் பழைய ஏட்டுக் கட்டு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டவை போனது போகட்டும். இருப்பது ஜோதிடமோ, வைத்தியமோ, பாதி அழிந்த புராணமோ, எதுவானாலும் சரி. பிரிக்க வேண்டாம், எண்ணெய் தடவித் துடைக்கவும் வேண்டாம். புதுச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் நமக்கு ஒரு பஸ் தூரம்தான். அங்கே சுவடி தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். முக்கியமாக, நூல் இன்னதென்று தெரியவில்லை என்பதற்காகக் கடைசி ஏட்டைக் கழித்துவிடாதீர்கள். எழுதியவர் பெயர் அதில்தான் இருக்கும்.